முப்பத்தோரு கடிதங்கள்

நெட் கம்பெனியை மட்டும் மாத்திராதீங்க தங்கச்சி. வேகமா வரும், அறுந்து போவாதுன்னு ஆயிரம் சொல்லுவான். காதுலயே வாங்காதீங்க. நான் மாத்தித்தான் இப்ப திருநெல்வேலிலேருந்து மதுரைக்கு வந்து, இந்த வெயில்ல, யாருமில்லாத பஸ்ஸ்டாப்புல உக்காந்திருக்கேன்.

உங்க பஸ் இப்பதான் போச்சு. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆவும். நான் வியாழக்கிழமைதோறும் வாரேன்லா, இந்த ரூட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். உக்காருங்க. இந்தப் பக்கம் வாங்க, அங்கன வெயில் அடிக்கும். எதிர்த்த கேட்டுலேருந்து கண்ணைத் தொடச்சிக்கிட்டே வந்தீங்க, பாத்தேன். பிள்ளையைச் சேத்துட்டு வாரீங்களா? எத்தன வயசு? இருபத்தொண்ணா. கண்ணு தெரியாதது பிறவியிலேயேவா, நடுவுலயா?

நடுவுல. ம். எங்க சாருக்கும் நடுவுலதான்.

எங்க சார்னா எங்க வீட்டுக்காரவ. தாணுமூர்த்தின்னு பேரு. பாளையங்கோட்டையில காலேஜுல கணக்கு சொல்லிக்குடுத்தாவ, முப்பத்திநாலு வருசம். ஊரே சார் சார்னு கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில நின்னுட்டு. கண்ணுல அழுத்தம். ஓரத்துலேருந்து கொஞ்சங் கொஞ்சமா திரை போடும்னு டாக்டர் சொன்னாரு. நாலு வருசம் முந்தி ஒரு ஆவணி மாசம் முழுசா மூடிட்டு. அன்னையிலேருந்து நான்தான் கண்ணு. நான் இல்லாம ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. சோத்துல எந்தப் பக்கம் கூட்டு, எந்தப் பக்கம் அப்பளம், எல்லாம் நான் சொல்லணும். செருப்பை நான் காலுல மாட்டிவிடணும். தெருவுல இறங்கணும்னா என் தோள். பத்து நிமிசம் நான் மாடியில துணி காயப்போடப் போனா, கீழ இருந்து "செண்பகம்"னு ஒரு குரல் வந்துரும்.

எனக்கு மட்டும் என்ன சுகம், சொல்லுங்க. நாலு வருசத்துல நான் ஒரு கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்ததில்ல. நாகர்கோவில்ல என் கூடப்பிறந்தவ மகளுக்குக் கல்யாணம். ரெண்டு மணி நேரப் பயணம். போகல. போட்டோ பாத்தேன், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லுவாங்க, "செண்பகம் மாதிரி யாரு பாத்துக்கிடுவா?"ன்னு. அதைக் கேட்டுக்கிடலாம், மனசுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா கட்டிப்போட்ட மாதிரிதான். கதவைப் பூட்டவே வேண்டாம், அந்த ஒரு குரலே பூட்டு.

சரி, நெட்டு விசயத்துக்கு வாரேன்.

சாருக்கு மெயில்னா உசிரு. படிச்ச பிள்ளைய எங்கெங்கெல்லாமோ இருக்கு, எல்லாம் எழுதும். பாடஞ் சொன்ன காலத்துல எடுத்த மெயில் அது, பழைய நெட் கம்பெனி கனெக்சன் குடுக்கையில சேத்துக் குடுத்தது. பதினாறு வருசமா அதே முகவரி. கண்ணு போனப்புறம் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். நான் அந்தக் காலத்துலயே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். சாரோட கொஸ்டின் பேப்பரெல்லாம் நான் அடிச்சதுதான். காலையில இட்லி ஆனதும் கம்ப்யூட்டர் முன்னால உக்காருவோம். நான் வாசிப்பேன், அவிய பதில் சொல்லுவாவ, நான் அடிப்பேன். பிரயோஜனமில்லாததை வாசிக்க மாட்டேன். எதுக்கு? முடி வளர்ற எண்ணெய் விளம்பரத்தையெல்லாம் வழுக்கைத் தலைக்கு வாசிச்சு என்ன ஆகப்போவுது?

அப்படி இருக்கையிலதான் இசக்கியப்பன் எழுதுனான். சாருகிட்ட படிச்ச பையன். பையன் என்ன பையன், அவனுக்கும் நாப்பத்தஞ்சு ஆவுது. பைக்குல அடிபட்டு கண்ணு போயிட்டாம். போயி ஒடுங்கிக் கெடக்காம, இங்க வந்து படிச்சு, இப்ப இங்கயே வாத்தியாரா இருக்கான். இந்த எதிர்த்த கட்டடத்துலதான். உங்க மகளுக்கும் அவன்தான் நடக்கச் சொல்லிக்குடுப்பான். நல்லவன்தான். நான் இல்லேங்கல.

"சார், நான்கு மாதம் இங்கே தங்கினால் போதும். கோல் பிடித்துத் தனியாக நடக்கலாம், பேருந்து ஏறலாம், கம்ப்யூட்டரை நீங்களே இயக்கலாம். உங்களுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறேன்"னு எழுதியிருந்தான். நான் வாசிச்சேன். முழுசா வாசிச்சேன் தங்கச்சி, ஒரு எழுத்து விடல. சார் "இன்னொரு தடவ வாசி"ன்னாவ. வாசிச்சேன். "இன்னொரு தடவ." மூணு தடவ வாசிச்சேன். அவிய முகத்துல ஒரு வெளிச்சம் வந்தது பாருங்க, எனக்குப் பயமாப் போச்சு.

மறுநாள் நான் குளிச்சிட்டு வாரேன், ஜன்னல் திரை மாட்டுற கம்பியைக் கழட்டி வச்சுக்கிட்டு முன்ரூமுல தட்டித் தட்டி நடக்காவ. சிரிச்சுக்கிட்டே. ஒரு வாரம் இதே வேலை. எட்டாம் நாள் வாசப்படியில இறங்குதேன்னு விழுந்து, நெத்தி கிழிஞ்சு ஆறு தையல். ரத்தத்தோட தரையில கெடந்து என்ன சொன்னாவ தெரியுமா? "ஒரு படியைத் தப்பா எண்ணிட்டேன் செண்பகம்"னு. கணக்குல தப்பு விட்ட மாதிரி.

நீங்களே சொல்லுங்க. அதைப் பாத்துக்கிட்டு ஒருத்தி சும்மா இருப்பாளா?

நான் ஒண்ணும் பெருசாச் செய்யல. பழைய கம்பெனிக்குப் போன் போட்டு, "ஒரு ஆளுகிட்டேருந்து தேவையில்லாம மெயில் வருது"ன்னேன். அந்தப் பொண்ணு பதவிசா சொல்லிக்குடுத்தா. அதுக்குப் பேரு பில்டர். இன்ன முகவரியிலேருந்து வந்தா முன்னால காட்டாதே, தனியா ஒரு பெட்டியில கொண்டு போயிப் போடுன்னு சொல்லி வைக்கது. வச்சிட்டேன். அழிக்கல பாருங்க. அழிச்சா அது பாவம். ஒரு லெட்டரைக்கூட நான் அழிச்சதில்ல.

சார் கேப்பாவ, "இசக்கி எழுதுனானா?" "இல்லையே." கொஞ்சநாள் கேட்டாவ. அப்புறம் ஒருநாள், "அவனுக்கும் ஆயிரம் சோலி இருக்கும்லா"ன்னாவ. அதுக்கப்புறம் கேக்கல. கம்பியும் திரும்ப ஜன்னலுக்குப் போயிட்டு.

அவன் நிறுத்தல. மாசம் பொறந்தா ஒண்ணாந்தேதி ஒரு லெட்டர். சார் மத்தியானம் தூங்கையில நான் மட்டும் அந்தப் பெட்டியைத் திறந்து வாசிப்பேன். புதுசா யாரு சேந்திருக்கா, தூத்துக்குடியிலேருந்து வந்த தபால்காரர் எப்படித் தனியா ரயிலேறி ஊருக்குப் போனாரு, எல்லாம் எழுதுவான். நல்லாவும் எழுதுவான். எனக்கே ஒண்ணாந்தேதி எப்ப வரும்னு இருக்கும். பதிலே இல்லேன்னா அவன் நேருல வந்து நின்னுருவானோன்னு, நாலு மாசம் கழிச்சு நானே ஒரு பதில் போட்டேன். சார் எழுதுன மாதிரி. மூட்டுவலி, இப்போதைக்கு முடியாதுன்னு. அவன் மூட்டுவலிக்குத் தைலமெல்லாம் சொல்லி எழுதினான். அதுக்கு ஒரு பதில். அப்படியே ஒம்போது பதில் ஆகிப்போச்சு.

என்ன, ஒரு மாதிரி பாக்கீங்க? நெத்தியில அந்தத் தழும்பை நீங்க பாக்கல, அதான்.

போன மார்கழியில மழை பெஞ்சதுலா. தெருவே ஆறா ஓடிச்சு. கம்பம் சாஞ்சு ஒயரெல்லாம் போயிட்டு. மழை விட்டும் பழைய கம்பெனிக்காரன் வரல. இன்னைக்கி வாரேன், நாளைக்கி வாரேன்னு நாப்பது நாள் ஓட்டினான். சாருக்கு மெயில் இல்லாம மூச்சு முட்டிட்டு. "வேற கம்பெனிக்கு மாத்து"ன்னாவ. நானும் யோசிக்காம சரின்னுட்டேன். அங்கதான் விழுந்தேன்.

புதுக் கம்பெனியிலேருந்து லூர்துராஜ்னு ஒருத்தர் வந்தாரு. பொட்டியை மாட்டினாரு, பச்சை லைட் எரிஞ்சது. பழைய மெயில் இன்னும் முப்பது நாள்தான் திறந்திருக்கும், அதுக்கப்புறம் மூடிருவாங்கன்னு சொல்லி, புதுசா ஒரு முகவரி போட்டுக் குடுத்தாரு. பழைய முகவரிக்கு வாரதெல்லாம் தானா புதுசுக்கு வந்துரும்னாரு. சந்தோசம்னேன். காப்பி குடுத்தேன். காப்பியைக் குடிச்சுக்கிட்டே மனுசன் கேக்காரு:

"அம்மா, பழசுல பில்டர் எதுவும் போட்டிருந்தீங்களா? அது மட்டும் இங்க கூட வராது. புதுசாத்தான் போடணும். என்னென்னன்னு சொன்னீங்கன்னா ரெண்டு நிமிசத்துல போட்டுக் குடுத்துட்டுப் போயிருதேன்."

சார் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்காவ. "பில்டர்னா என்ன தம்பி?"ன்னு கேக்காவ. அவரு விளக்கமாச் சொல்லுதாரு, தடுக்க வேண்டிய ஆளைத் தடுத்து வைக்கதுன்னு. சார் என் பக்கம் திரும்பி, "அப்படி நாம யாரையாவது தடுத்து வச்சிருக்கமா செண்பகம்?"

"நாம யாரைத் தடுக்கப் போறோம்? ஒண்ணும் இல்ல"ன்னேன்.

"அப்ப சோலி முடிஞ்சது"ன்னு லூர்துராஜ் டம்ளரைக் கீழ வச்சாரு. முடிஞ்சதா? போறப்ப சும்மா போகாம சாரோட போனை வாங்கி என்னத்தையோ அமுக்கி, "சார், இனிமே போனே பேசும். மெயில் வந்தா தன்னால வாசிக்கும். அம்மாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் கேட்டனா? எனக்குத் தொந்தரவுன்னு நான் சொன்னனா?

அன்னைக்கித் தேதி இருவத்தெட்டு. மாசம் பொறக்க நாலு நாள்.

சாருக்கு அன்னைக்கிப் பூரா கொண்டாட்டம். போனுக்குள்ள ஒரு பொம்பளை வாசிக்கா, தமிழை உடைச்சு உடைச்சு. முடி எண்ணெய் விளம்பரம் வந்திட்டு. சார் விழுந்து விழுந்து சிரிக்காவ. "செண்பகம், எனக்கு ஆறே வாரத்துல முடி முளைக்குமாம்!" இத்தனை நாள் இதையெல்லாம் ஏன் நீ வாசிக்கலன்னு ஒரு கேள்வி வேற.

நான் கம்ப்யூட்டருல போயித் தேடுனேன். பழசுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். புதுசுல எல்லாம் இடம் மாறிக் கெடக்கு. பல்சக்கரம் மாதிரி ஒரு படம், அதுக்குள்ள போனா இன்னொரு பக்கம், அதுக்குள்ள இன்னொண்ணு. பில்டர்ங்கிற சொல்லையே காணும். சரி, கம்பெனிக்குப் போன் போடலாம்னா, எங்க வச்சுப் பேச? எங்க வீடு ரெண்டே ரூமு. கண்ணு போனதும் சாருக்குக் காது கூர்மையாப் போச்சு, அடுப்புல பால் பொங்குறதுக்கு முன்னாலயே சொல்லிருவாவ. மாடிக்குப் போனா அங்க கம்ப்யூட்டர் இல்ல. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா அங்க சார் இருக்காவ.

குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தச் சத்தத்துல மெதுவாப் பேசுனேன். அந்தப் பக்கம் ஒருத்தன், "எந்த முகவரியைத் தடுக்கணும், சத்தமாச் சொல்லுங்க மேடம்"ங்கான். எழுத்தெழுத்தாச் சொல்லணுமாம். நான் என்னத்தச் சொல்ல? முருங்கைக்காய் வாங்குத மாதிரிப் பேசுதேன். "அதேதான், அந்த முதல்ல உள்ளது, ஆமா"ன்னு. அவனுக்கு ஒரு எழவும் விளங்கல. கடைசியா ஒருவழியா அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிச்சு, இசக்கியப்பன் முகவரியை அடிச்சு, சேமின்னு அமுக்குனேன். அப்பாடான்னு இருந்தது. அமுக்குனதும் ஒரு ரகசிய எண் கேக்குது. எண் எங்க வரும்? சார் போனுக்குத்தான் வரும்.

முன்ரூமுலேருந்து அந்தப் பொம்பளை சத்தமா வாசிக்கா. "உங்கள் மின்னஞ்சல் அமைப்பை மாற்ற ரகசிய எண்... இதை யாரிடமும் பகிர வேண்டாம்."

"செண்பகம்! யாரோ நம்ம மெயிலுக்குள்ள புகுந்து மாத்தப் பாக்கான்!"

நான் கையில மவுஸை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். "அப்படியா, யாரா இருக்கும்?"ன்னேன்.

சார் விடுவாவளா? கணக்கு வாத்தியாருல்லா. உடனே போனைப் பேச வச்சு லூர்துராஜைக் கூப்பிட்டு, அவரு சொல்லச் சொல்ல, பாஸ்வேர்டையே மாத்திட்டாவ. அவியளாவே! நாலு வருசத்துல முதல் தடவையா என் கை படாம ஒரு காரியம். முடிச்சிட்டு நெஞ்சை நிமுத்தி உக்காந்திருக்காவ. "பாஸ்வேர்டு என்ன?"ன்னு கேட்டேன், சாதாரணமா கேக்க மாதிரி.

"உங்கிட்டச் சொன்னா நீ காலண்டர் பின்னால எழுதி வப்ப"ன்னு சிரிக்காவ.

அவ்வளவுதான். கதவு சாத்தியாச்சு. சொந்த வீட்டுல, நான் அடிச்ச மெயிலுக்குள்ள, நான் போக முடியாது. மூணு நாள் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. சோறு இறங்கல. போனு டிங்குன்னா கையில உள்ளதைப் போட்டுட்டு முன்ரூமுக்கு ஓடுவேன். ஆவின்காரன் மெயில் அனுப்புவானா, கரண்டு ஆபீசு அனுப்புவானா, எது வந்தாலும் எனக்கு இசக்கியப்பனாத்தான் கேக்கும்.

ஒண்ணாந்தேதி காலையில, "சார்ஜ் போடுதேன்"னு போனை வாங்கி உள்ரூமுல தலையணைக்கு அடியில வச்சேன். மத்தியானம் வரைக்கும் தாங்கிச்சு. சாப்பிட்டுக் கைகழுவி உக்காந்ததும் கேட்டாவ. குடுக்காம இருக்க முடியுமா? குடுத்துட்டு நான் அடுக்களைக்குப் போயி கிரைண்டருல மாவை வழிச்சுக்கிட்டு இருந்தேன்.

கேட்டிச்சு. அந்தப் பொம்பளைக் குரல்.

"இசக்கியப்பன். சார், வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்பு உங்கள் பதில் கண்டேன். மூட்டுவலி இன்னும் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலையாக இருக்கிறது. இது என்னுடைய முப்பத்தோராவது கடிதம். உங்கள் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை."

நின்னது. திரும்ப முதல்லேருந்து வாசிக்க வச்சாவ. திரும்ப. மூணாந்தடவையும். நான் கை நிறைய மாவோட வாசல்ல வந்து நிக்கேன். நான் நிக்கது அவியளுக்குத் தெரியும். எப்பவும் தெரியும்.

"செண்பகம்."

"என்ன சார்?"

"எனக்கு மூட்டுவலி இருக்கா?"

என் வாயிலேருந்து என்ன வந்தது தெரியுமா? "கொஞ்சம் இருக்கத்தானே செய்யுது"ன்னேன்.

சத்தம் போடுவாவன்னு பாத்தேன். போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். எனக்கும் சொல்ல ஆயிரம் இருக்கு. "மத்த முப்பதும் எங்க?"ன்னாவ. பழைய பெட்டியிலதான் இருக்குன்னேன். இன்னும் மூடல, பழைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். "கையைக் கழுவிட்டு வா. வாசி."

வாசிச்சேன். முதல் லெட்டருலேருந்து ஒவ்வொண்ணா. தேதியோட வாசிக்கச் சொன்னாவ. தபால்காரர் ரயிலேறுனது, திண்டுக்கல்லுலேருந்து வந்த அம்மா முதல் தடவையா தனியா கடைக்குப் போயி வெங்காயம் வாங்குனது, எல்லாம். ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது, விளக்கு வைக்கது வரைக்கும் போச்சு. நடுவுல தொண்டை கட்டிட்டு. தண்ணி குடிச்சிட்டு வான்னாவ. எழுந்து போயிக் குடிச்சிட்டு வந்து வாசிச்சேன். முப்பது முடிஞ்சது. நான் கம்ப்யூட்டரை மூடப் போனேன்.

"நான் எழுதுன பதிலை வாசி."

"அது எதுக்கு சார்?"

"நான் என்ன எழுதியிருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஒம்போதையும் வாசிச்சேன். அதுல ஒண்ணு ரொம்ப நாள் யோசிச்சு எழுதுனது. "எனக்கு அங்கு வருவதில் விருப்பம் இல்லை. என் மனைவி என்னைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை." எழுதையில எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா? சத்தமா வாசிச்சா வேற மாதிரி இருக்கு.

சார் நெத்தித் தழும்பைத் தடவுனாவ. அப்புறம், "நல்லாத்தான் எழுதியிருக்கேன்"னாவ.

அந்த ஒரு வார்த்தைதான் தங்கச்சி. அதுக்கு மேல இன்னைக்கி வரைக்கும் ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசல. அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

மறுநாள் லூர்துராஜை வரச் சொன்னாவ. "பில்டர் ஒண்ணுகூட வேண்டாம் தம்பி. குப்பையும் வரட்டும். எதைத் தள்ளணும்னு நான் பாத்துக்கிடுதேன்"னாவ. இசக்கியப்பனுக்கு அவியளே போனுல பேசிப் பேசி பதில் அனுப்புனாவ. ஒரே வரி. "வருகிறேன். மூட்டுவலி இல்லை."

பெட்டி நான்தான் கட்டுனேன். எட்டு சட்டை, நாலு வேட்டி. சட்டையெல்லாம் கை தொட்டுப் பாத்தா நிறம் தெரியுத மாதிரி பித்தானுல நூலு சுத்திக் குடுத்தேன். கூட வாரேன்னேன். வேண்டாம்னாவ. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கேன்னேன். அதுக்குத்தான் சொன்னாவ: "நீ வந்தா நான் உன் தோளைப் பிடிச்சுக்கிடுவேன் செண்பகம். அதனால வராத. நாலு மாசம்."

கோபத்துல சொல்லல. அதான் எனக்குத் தாங்கல.

இப்ப நான் எங்க வேணும்னாலும் போகலாம். கேக்க ஆளில்ல. என் தங்கச்சி தினமும் கூப்பிடுதா, நாகர்கோவிலுக்கு வந்து பத்து நாள் இருன்னு. போயிருக்கலாம். பஸ்ஸ்டாண்டுக்குப் போவேன். நாகர்கோவில் பஸ்ஸும் நிக்கும், மதுரை பஸ்ஸும் நிக்கும். கால் தன்னால மதுரை பஸ்ஸுல ஏறிரும். வியாழக்கிழமை நாலு மணிக்கு இவங்களை வெளிய நடக்க விடுவாங்கன்னு இசக்கியப்பன் லெட்டருல உண்டு. அதான். உள்ள போகல. வராதன்னு சொன்ன இடத்துக்கு எப்படிப் போக? இங்க பஸ்ஸ்டாப்புல உக்காந்து பாப்பேன், போயிருவேன். இதுல தப்பென்ன இருக்கு? பஸ்ஸ்டாப்பு பொதுதானே.

வீட்டுலயும் இருக்க முடியல, பாத்துக்கிடுங்க. மாடியில துணி காயப்போடுதேன். பத்து நிமிசம் ஆவுது, கால் மணி நேரம் ஆவுது. கீழேருந்து யாரும் கூப்பிடல. துணி அத்தனையும் காய்ஞ்சு, நான் அங்கயே நிக்கேன்.

நான் சொல்லுதேன், உங்க மகளைச் சேத்தது நல்லதுதான். வயசு பிள்ளை, கத்துக்கிடட்டும். எங்க சாருக்கு அறுவத்தாறு. இந்த வயசுக்கு மேல எதுக்கு? கேட்டா நான் செய்ய மாட்டனா? எல்லாத்துக்கும் அந்தப் புதுக் கம்பெனிக்காரன்தான் காரணம். பில்டரையும் கூடவே கொண்டு வந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

அந்தா, கேட்டைத் திறக்கான். நாலு மணி. பாருங்க, பாருங்க. முன்னால வாரது இசக்கியப்பன், நீலச் சட்டை. அவனுக்குப் பின்னால ரெண்டு பேரு. அதுக்குப் பின்னால, வெள்ளை வேட்டி, கையில கோலோட. அதான். அதான் எங்க சார்.

மெலிஞ்சிட்டாவ. தாடி வளந்திருக்கு, சரியா சிரைக்கல. நிமுந்து நடக்காவ பாத்தீங்களா? என் தோளைப் பிடிச்சு நடக்கையில கொஞ்சம் குனிஞ்சுதான் நடப்பாவ, நான் குள்ளம்லா. அவிய இவ்வளவு உயரம்னே மறந்து போச்சு.

போன ரெண்டு வாரமும் அந்தக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் போனாங்க. அந்த வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவாங்க. இன்னைக்கி என்ன, ரோட்டு ஓரத்துல வந்து நிக்காங்க? ஐயோ, இசக்கியப்பன் ஒதுங்கி நிக்கான். சாரை மட்டும் முன்னால விடுதானே. லாரி வருது. லாரி வருது பாருங்க. யாராவது பிடிங்கடே...

நின்னுட்டாவ. தலையைச் சாச்சுக் கேக்காவ. லாரி போயிட்டு. இன்னும் நிக்காவ. ஒரு பைக்கு. அதுவும் போகட்டும்னு நிக்காவ. இப்ப இறங்குதாவ. கோலைத் தட்டி, நேரா. எண்ணுதாவ, உதடு அசையுது பாருங்க, எண்ணுதாவ.

தாண்டிட்டாவ.

தங்கச்சி, இந்தப் பக்கம்தான் வாராவ. பஸ்ஸ்டாப்புக்குத்தான் வாராவ. பஸ்ஸு விசாரிக்கப் பழக்குதான் போல. நான் இப்ப எந்திரிச்சுப் போனா செருப்புச் சத்தம் தெரிஞ்சுரும். மெதுவாப் பேசுங்க. ஏதாவது கேட்டா நீங்க பதில் சொல்லுங்க, என் குரல் தெரியும். எந்தப் பஸ்ஸு எப்ப வரும்னு கேப்பாவ, அஞ்சு நிமிசத்துல ஊருக்குள்ள போற பஸ்ஸு ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க. கையைப் பிடிச்சு உக்கார வைக்காதீங்க. இடம் இருக்கு சார்னு மட்டும் சொல்லுங்க, அவியளாவே உக்காருவாவ.

நான் இனிமே பேச மாட்டேன்.